அசல் என்னும் மூடநம்பிக்கை: கமெட் லாரியை முன்வைத்து

2021 ஜூலை 15 அன்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகளை அறிவித்தது. முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வாகனத்துக்கு 'விஏ' என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவெண் கிடைக்கும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்தாண்டுகள் செல்லும். அதற்குமேல் புதுப்பிக்க 5,000 ரூபாய். பழைய கார்களைப் பேணிவருவோர் இந்த அறிவிப்பை மகிழ்ச்சியுடன் வரவேற்றார்கள். வரவேற்கத்தக்கதுதான். ஆனால் அந்த விதியின் வரையறைப் பகுதியை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். இருசக்கர வாகனங்களும், 'எம்1' வகையைச் சேர்ந்த நான்கு சக்கர வாகனங்களும் மட்டுமே அதன் எல்லைக்குள் வருகின்றன. 'எம்1' என்றால் பயணியர் கார். சரக்கு ஏற்றும் வாகனங்கள் 'என்' என்ற வேறொரு வகையில் அடங்கும். அந்த எழுத்து இந்த விதியில் இடம்பெறவே இல்லை.

ஆக, இந்தியாவில் ஒரு லாரி எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் பழம்பெரும் வாகனம் ஆகிவிட முடியாது. பழைய வாகனம் மட்டுமே ஆக முடியும். காருக்கு வயதானால் மரபு, லாரிக்கு வயதானால் பழைய இரும்பு. நமது சட்டம் இத்தனை வெளிப்படையாகத் தன் மனத்தைத் திறந்து காட்டும் தருணங்கள் குறைவு.

விதியில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. வாகனத்தின் சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் நிகழ்ந்திருக்கக் கூடாது. என் சண்டை முதன்மையாக இந்த இரண்டாவது நிபந்தனையோடுதான். ஏனென்றால் முதலாவதை ஒரு திருத்தத்தின் மூலம் சரிசெய்துவிடலாம். இரண்டாவதோ அரசாங்கத்தின் மூளையில் மட்டும் இருப்பதன்று. பழைய லாரிகளை நேசிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நம் நண்பர்களின் மூளையிலும் அதுவே குடியிருக்கிறது.

*

நண்பர்கள் சிலர் முதல் தலைமுறைக் கமெட் லாரிகளின் எச்சங்களைத் தேடி வருகிறார்கள். தேடலுக்கு உரிய பொருள்தான் அது. ரகுநந்தன் சரண் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் பூட்டியவை ஆஸ்டின் கார்கள். தன் மகனின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்திருந்த அவர், புதிதாக விடுதலை பெற்ற நாட்டுக்குக் காரைவிட லாரியே அவசரத் தேவை என்று கண்டு இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு பேச்சைத் தொடங்கினார். பின்னர் விமான விபத்தில் இறந்துபோனார். அன்றைய சென்னை மாகாண அரசும் மற்றப் பங்குதாரர்களும் சேர்ந்து 1950இல் அந்த ஒப்பந்தத்தை முடித்தனர். 1951இல் எண்ணூரில் பூட்டப்பட்ட முதல் லேலண்ட் வண்டிகள் நான்கு கமெட் டிப்பர்கள். 350 எஞ்சின் பொருத்தப்பட்ட அந்த நான்கும் மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலைக்கு விற்கப்பட்டதாக நிறுவன வரலாறு சொல்கிறது. 350 என்பது கன அங்குலத்தில் எஞ்சினின் கொள்ளளவு, ஏறத்தாழ 5.7 லிட்டர். 1955இல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் ஆயிற்று.

அந்த நான்கு டிப்பர்களையும் சற்று எண்ணிப் பாருங்கள். தென்னிந்தியாவின் கூரைகளில் சிவப்பு நிறத்தை ஏற்றிய ஓடுகளின் உலகத்துக்குள் அவை நுழைந்தன. ஒரு நாட்டின் கனரக வாகனத் தொழில் களிமண்ணையும் ஓட்டையும் சுமந்து தொடங்கியிருக்கிறது. இதைவிட நல்ல தொடக்க வாக்கியத்தை ஒரு நாவலாசிரியர் எழுதிவிட முடியுமா?

இப்படிப்பட்ட லாரியைத் தேடிச் செல்லும் நண்பர்களுடன் ஒருமுறை நானும் போயிருந்தேன். பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பொட்டலில் ஒரு பழைய வண்டி நின்றது. மூக்கு நீண்ட தொடக்ககாலக் கமெட் அன்று. தட்டை முகம் கொண்ட பின்னாளைய வண்டி. முதுகில் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குக் கீழே சேசிஸில் இரண்டு இடங்களில் பட்டை வைத்துப் பற்றவைத்த தழும்பு. கதவில் பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் காவி. முன்பக்கத் தகரத்தில் இன்றைய பதிவெண்ணுக்குக் கீழே, வண்ணத்தால் மூடப்பட்டும் மேடுதட்டித் தெரிந்த மூன்று எழுத்துகள்: 1989இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்து 'டிஎன்' வரிசை தொடங்குவதற்கு முந்திய காலத்துப் பதிவு. நண்பர் குனிந்து எஞ்சினைப் பார்த்தார். அது அந்த வண்டியின் எஞ்சின் இல்லை. கேபினும் வேறு. குறிப்பேட்டில் எழுதியிருந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, அசல் இல்லை என்றார். நாங்கள் திரும்பிவிட்டோம். சில மாதங்கள் கழித்து அவ்வழியே போனபோது அந்த இடம் காலியாக இருந்தது.

அந்தக் கோட்டைத்தான் நான் எதிர்க்கிறேன்.

*

அசல் லாரி என்ற ஒன்று இந்தியாவில் எப்போதாவது இருந்ததா? தொழிற்சாலை விற்றது பெரும்பாலும் சேசிஸை மட்டுமே. எஞ்சின், சட்டம், சக்கரம், முன்முகத் தகரம், அதன் பின்னே ஒரு ஸ்டியரிங். அதில் ஒரு பெட்டியைக் கட்டிப்போட்டு உட்கார்ந்து ஓட்டுநர் அதை ஊருக்குக் கொண்டுபோவார். அதற்குக் கூடு கட்டியவர்கள் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் சங்ககிரியிலும் இருந்த பாடி பட்டறைக்காரர்கள். ஆக, தச்சரும் கொல்லரும் வண்ணம் பூசுபவரும் கைவைத்த பிறகே அது லாரி ஆயிற்று. தொழிற்சாலையின் வாசலைத் தாண்டியபோது அது இன்னும் பிறந்திருக்கவே இல்லை. அப்படியிருக்க, 'தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே' என்ற அளவுகோலால் ஒரு லாரியை எப்படி அளப்பது?

மாற்றம் அத்தோடு நிற்பதுமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவம் கழித்துவிட்ட பெட்ரோல் லாரிகளில், டீசல் மலிவு என்பதால், பெர்க்கின்ஸ் பி6 எஞ்சினை இறக்கி ஓட்டினார்கள். அந்த எஞ்சினை செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் தயாரித்தது. கமெட்டிலும் 350 போய் 370 வந்தது, 370 போய் 400 வந்தது. முதல் பத்தாண்டு நெடுந்தூரச் சரக்கு, அடுத்த பத்தாண்டு செங்கல்லும் மணலும், கடைசியில் தண்ணீர். சேசிஸ் ஓய்ந்த பின்னும் எஞ்சின் ஓயாது. அது மோட்டார் படகுக்கோ மின்னாக்கிக்கோ போகும். ஒரு லாரி என்பது ஒரு பொருள் என்பதைவிட ஒரு தொடர்ச்சி என்பதே சரி. மாறாமல் இருந்த லாரி ஏதாவது உண்டென்றால் அது உழைக்காத லாரி. உழைக்காத லாரியிடம் சொல்வதற்கு என்ன வரலாறு இருக்கும்?

இலக்கிய வாசகர்களுக்கு இது புரியாத விஷயமன்று. சங்க நூல் எதற்கும் ஆசிரியர் கைப்பட எழுதிய ஏடு நம்மிடம் கிடையாது. இருப்பவை படிகளின் படிகள். கரையான் அரித்ததால், பழுதுபட்டதால், படியெடுத்தவர் தவறாக வாசித்ததால், சில இடங்களில் படியெடுத்தவர் தம்மைப் புலவராக எண்ணிக்கொண்டதால் மாறியவை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அசல் ஏடு கிடைக்கவில்லை என்று கோடு இழுத்துவிட்டுத் திரும்பியிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? அவர் ஊர் ஊராகப் போய் ஏடுகளைச் சேர்த்தார், ஒப்பிட்டார், பாடபேதங்களைக் குறித்தார். பேதங்களைக் களங்கமாகப் பார்க்காமல் சாட்சியமாகப் பார்த்த அந்த நிதானமே தமிழ்ப் பதிப்பு மரபின் பெருமை.

பொட்டலில் நின்ற அந்த வண்டி ஒரு பாடபேதம். பற்றவைத்த தழும்பு, எந்தப் பாரத்தில் எங்கே சட்டம் முறிந்தது என்று சொல்கிறது. மூன்று அடுக்கு வண்ணம் மூன்று உரிமையாளர்களைச் சொல்லக்கூடும். மாறிய எஞ்சின் ஒரு பஞ்சத்தையோ ஒரு கடனையோ சொல்லக்கூடும். இதையெல்லாம் வாசிக்கத் தெரியாமல் ஒரே ஒரு கேள்வியோடு போய் நிற்பது ரசனையும் அன்று, ஆராய்ச்சியும் அன்று. கார் சேகரிப்பவர்களின் வரவேற்பறையிலிருந்து கடன் வாங்கிய கேள்வி அது. மகாராஜாக்களின் கார்களுக்கு அது பொருந்தலாம். அவை பெரும்பாலும் கொட்டகையில் நின்றவை.

*

சென்னையின் மேற்குப் புறநகர் இந்த விஷயத்தில் ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். கமெட்டைப் பூட்டியது வடக்கே எண்ணூர். ஆனால் இறக்குமதி உதிரிபாகங்களைப் பூட்டுவது ஒரு தொழில். அவற்றை இங்கேயே செய்வது வேறொரு தொழில். இரண்டாவது தொழில் பெருமளவுக்கு வேர்பிடித்த நிலம் பாடியும் அம்பத்தூரும். 1950களின் இறுதியில் அம்பத்தூரில் டன்லப் டயர்த் தொழிற்சாலை வந்தது. 1960களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூக்காஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா ஆகியவை அடுத்தடுத்து எழுந்தன. சக்கரம், ஸ்டார்ட்டர், பிரேக், டயர் என்று வண்டியின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சங்கு ஊதி, ஒரு ஷிஃப்ட் மாறியது. அவற்றைச் சுற்றி, 1960களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளும் வார்ப்படப் பட்டறைகளும் முளைத்தன.

இந்திய லாரியை இந்திய லாரியாக்கியது இந்த நிலம். அதனால்தான் 'மாற்றப்பட்ட' லாரியின் வரலாறு இங்கே தேடப்பட வேண்டியது. இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்பை எடுத்துவிட்டுப் பாடியில் செய்த உறுப்பைப் போட்ட ஒவ்வொரு தடவையும் அந்த லாரி தன் அசல் தன்மையை இழந்தது. அதே கணத்தில் நம்முடையதாகவும் ஆனது. நமது சுயசார்பு என்று பாடப்புத்தகங்கள் பெருமையோடு சொல்வதன் உடல்வடிவம் இதுதான். அந்த உடலை 'அசல் இல்லை' என்று தள்ளுவது எவ்வளவு பெரிய வேடிக்கை!

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிசப் பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கிவைக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் அசோக் லேலண்ட் என்ற பெயரும் வந்தது. மூன்றும் ஒரே கனவின் கிளைகள். ஆவடித் தீர்மானம் வரலாற்று நூல்களில் இருக்கிறது. ரயில் பெட்டிக்கு வில்லிவாக்கம் அருகே 2002 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது. லாரிக்கு?

ஆவடியைச் சொன்னதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1960களின் நடுப்பகுதி முதல் விஜயந்தா டாங்கிகள் வெளிவந்தன. இந்தியாவில் கட்டப்பட்ட முதல் போர் டாங்கி அது. அதன் எஞ்சின் எது தெரியுமா? லேலண்ட் எல்60. லாரி எஞ்சினும் டாங்கி எஞ்சினும் வேறு வேறு வடிவமைப்புகள்தான், ஆனால் பிறந்த குடும்பம் ஒன்று. பணி ஓய்வு பெற்ற விஜயந்தா டாங்கிகள் இன்று நாடெங்கும் பூங்காக்களிலும் பாசறை வாயில்களிலும் மேடை கட்டி நிறுத்தப்பட்டிருக்கின்றன. குழந்தைகள் அவற்றின் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே குடும்பத்தின் எஞ்சினோடு நாற்பது ஆண்டு நெல்லும் உரமும் சிமெண்டும் சுமந்த லாரி, கிலோ கணக்கில் எடை போடப்பட்டுக் காயலான் கடைக்குப் போகிறது. போரின் கருவிக்கு மேடை, சோற்றின் கருவிக்குத் தராசு.

இதற்கு நேர்மாறான ஊரும் உலகில் இருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஷயரில், லேலண்ட் என்ற அதே சிற்றூரில், பழைய லேலண்ட் தொழிற்சாலைக் கட்டடத்திலேயே 1983 முதல் வணிக வாகனங்களுக்கான அருங்காட்சியகம் இயங்குகிறது. அந்நாட்டின் பழைய லாரிகளும் பேருந்துகளும் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குக் கூட்டமாகப் பயணம் போகும் வழக்கம் 1962இல் தொடங்கியது. நம்மைப் போல அவர்களும் அசல்மோகம் கொண்டவர்களாக இருக்கலாம். ஆனால் லாரி என்பது நினைவுக்குரிய பொருள் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் எழவில்லை. நாம் லேலண்டிடமிருந்து எஞ்சினை வாங்கினோம். அந்த நினைவை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டோம்.

*

இலக்கியவாதிகளாகிய நாமும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியவர்களே. தமிழ்ப் புனைகதையில் காருக்கு ஓர் இடமுண்டு. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' கதையில் மழையில் வந்து நின்ற காரைப் பற்றி இரண்டு தலைமுறையாக விவாதித்திருக்கிறோம். அதே ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' நாவலில் ஹென்றி கிருஷ்ணராஜபுரத்துக்கு வந்து சேர்வது ஒரு லாரியில். எந்த நிலத்துக்கும் சொந்தமில்லாத ஒருவனைத் தன் ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்க நாவலாசிரியர் தேர்ந்துகொண்ட வாகனம் அது. நம் விமர்சனக் கூட்டங்களில் ஹென்றியின் ஆன்மிகம் பற்றிக் கேட்டிருக்கிறேன். அந்த லாரியைப் பற்றி ஒருவரும் பேசக் கேட்டதில்லை. நம் கண்ணுக்கு லாரி என்பது பின்னணி. கரும்புகை, ஹாரன், விபத்துச் செய்தி.

இதன் விளைவு மொழியிலும் தெரிகிறது. பட்டறைகளில் புழங்கும் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை 'இறக்குவது', பிரேக்கை 'புடிக்க வைப்பது', சேசிஸுக்குப் 'பட்டை வைப்பது', வண்டியை எஃப்.சி.க்குக் 'காட்டுவது' என்று ஒரு முழு வினைச்சொல் உலகம் அங்கே இருக்கிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லைத் தமிழ் வினையால் கட்டி மேய்க்கும் அந்தத் திறமையை எந்தக் கலைச்சொல் குழுவும் கற்றுத்தரவில்லை. கையால் எஞ்சினின் நடுக்கத்தைத் தொட்டு நோய் கண்டுபிடித்த தலைமுறை முதுமையடைந்துகொண்டிருக்கிறது. இன்றைய எஞ்சினின் கோளாறைக் கணினி சொல்லிவிடுகிறது. அவர்களோடு அந்தச் சொற்களும் போகும். நாட்டார் கதைப்பாடல்களைப் பதிவுசெய்யக் கிளம்பும் நமக்கு, நம் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் உள்ள பாடிக்குப் போகத் தோன்றவில்லை.

*

எதிர்வாதங்களை அறியாமல் எழுதவில்லை. பழைய லாரி புகை கக்கும்; பிரேக் நம்பத்தகாது; ஓட்டுநரின் உயிருக்கும் சாலையில் நடப்பவரின் உயிருக்கும் ஆபத்து. உண்மை. அம்பத்தூர்க் காற்றைச் சுவாசித்தவர் எவரும் பழைய டீசலுக்காகக் கண்ணீர் வடிக்க மாட்டார். 2021இன் வாகனக் கழிவுக் கொள்கையையும், 2022 ஏப்ரலில் பதினைந்து ஆண்டு கடந்த கனரக வாகனங்களின் தகுதிச் சான்றுக் கட்டணத்தை 12,500 ரூபாயாக உயர்த்தியதையும் நான் சதி என்று சொல்லவில்லை. எல்லா லாரிகளையும் காப்பாற்றச் சொல்வது, எல்லா வீடுகளையும் கோயிலாக்கச் சொல்வதைப் போன்றது.

நான் கேட்பது வேறு. கழித்துக்கட்டுவதற்கு முன் ஒருமுறை வாசியுங்கள் என்கிறேன். கழிவு மையத்துக்குப் போகும் ஐம்பது வயது லாரியின் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் எப்படியும் குறித்துக்கொள்கிறார்கள். அதோடு நான்கு படங்களும், உரிமையாளர்களின் வரிசையும், பாடி கட்டிய ஊரின் பெயரும் சேர்ந்தால் அது ஆவணம். பூந்தமல்லியின் டிஎன்-12, அம்பத்தூரின் டிஎன்-13 என்ற இன்றைய எண்களுக்கு முந்திய காலத்தின் கையெழுத்துப் பதிவேடுகள் எங்கிருந்தாலும் அவை ஆவணக் காப்பகத்துக்குரியவை. செப்பேட்டில் நிலத்தின் எல்லையைப் படித்து மகிழும் சமூகம், பதிவேட்டில் ஒரு வண்டி கைமாறிய கதையைப் படிக்க மறுப்பதற்கு நியாயம் ஏதுமில்லை.

இரண்டாவது, பழம்பெரும் வாகன விதியில் 'என்' வகையையும் சேர்க்க வேண்டும். 'மாற்றமின்மை' என்ற நிபந்தனை லாரிக்குப் பொருந்தாது என்பதையும் அதில் எழுத வேண்டும். மூன்றாவது, ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஒரே ஒரு கமெட்டாவது பொது இடத்தில் நிற்க வேண்டும். புது வண்ணம் பூசி, காணாமற்போன உறுப்புகளை இங்கிலாந்திலிருந்து வரவழைத்து, 1951இல் எண்ணூரை விட்டு வெளிவந்த கோலத்தில் அதை நிறுத்திவிடாதீர்கள். அது பொய். தழும்போடும், மாற்று எஞ்சினோடும், மூன்று அடுக்கு வண்ணத்தோடும் நிறுத்துங்கள். ஒவ்வொரு தழும்புக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு வையுங்கள். பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் பாடபேதம் எழுதுவதைப் போல.

நண்பர்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெயிலில் அலைந்து பொட்டல்களில் தேடுகிற நீங்கள் இல்லாவிட்டால் எனக்கு இந்த விஷயமே தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் குறிப்பேட்டைத் திறந்து, கோடு இழுத்த வரிகளை எல்லாம் மீண்டும் படியுங்கள். அசல் இல்லை என்று தள்ளிய வண்டிகளில் எத்தனை இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். பூந்தமல்லி வண்டிக்கு நாம் தாமதித்துவிட்டோம். அதன் மூன்று எழுத்துகளைக்கூட நான் குறித்துக்கொள்ளவில்லை.